ஒரே வயல், பல சொந்தக்காரர்கள்

பாலித் தீவின் தபனான் மாவட்டத்தில், பத்துகாரு மலைச்சரிவிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஊர்ச்சாலைகளின் ஓரத்தில் 'நிலம் குத்தகைக்கு' என்ற பலகைகள் நிற்கின்றன. இத்தனை ஆரே, வயல் தெரியும், கார் போகும், கீழே ஒரு கைபேசி எண். ஆரே என்றால் 100 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை சென்ட். பலகையைப் பார்த்து வண்டியை நிறுத்தும் வெளிநாட்டவர் முதலில் கேட்பது, ஆரேக்கு என்ன விலை என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த வயல் யாருடையது? இதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. அரசு ஒரு பதில் சொல்லும், குடும்பம் ஒன்று சொல்லும், ஊர் ஒன்று சொல்லும், வாய்க்கால் ஒன்று சொல்லும். நான்கும் ஒரே நேரத்தில் உண்மை.

அரசின் பதில் காகிதத்தில் இருப்பதால் அதைப் படிப்பது எளிது. இந்தோனேசியாவின் அடிப்படை நிலச் சட்டம் 1960 செப்டம்பர் 24 அன்று, சுகர்ணோ ஆட்சியில் வந்தது. அந்தத் தேதியைத்தான் அங்கே இன்றும் உழவர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 'ஹக் மிலிக்' எனப்படும் முழு உரிமையை இந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இந்தோனேசியக் குடிமக்களுக்கே ஒதுக்கிவிட்டது. 26-ஆம் பிரிவு இன்னும் கறாரானது. நேராகவோ சுற்றிவளைத்தோ வெளிநாட்டவர் கைக்கு நிலம் போகும்படி செய்த எந்த விற்பனையும் செல்லாது, நிலம் அரசுக்குச் சேரும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது.

இந்தக் கறாருக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு அனுபவம் இருக்கிறது. 1870-இல் டச்சு அரசு கொண்டுவந்த நிலச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத நிலமெல்லாம் அரசுடையது என்ற அடிப்படையில், தோட்டக் கம்பெனிகளுக்கு 75 ஆண்டுவரை நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், உள்ளூர்க்காரர் தம் நிலத்தை வெளியாருக்கு விற்கக் கூடாது என்ற தடையையும் 1875-இல் அதே டச்சு அரசுதான் போட்டது. விற்பனைக்குத் தடை, நெடுங்குத்தகைக்கு வழி என்ற அமைப்பு அன்றைக்கே தயாராகிவிட்டது. 1960-க்குப் பிறகு வந்த நில உச்சவரம்பும் பங்கீடும் பாலியில் கட்சிச் சண்டையாக முற்றின. 1965 டிசம்பரில் தொடங்கிய கம்யூனிஸ்ட் எதிர்ப்புப் படுகொலைகளில் தீவில் 80,000 பேர்வரை இறந்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி ராபின்சனின் மதிப்பீடு. மக்கள்தொகையில் இருபதில் ஒருவர். கொலைகளுக்கு நிலத் தகராறு மட்டுமே காரணம் அல்ல; ஆனால் காரணங்களில் அதுவும் ஒன்று. அழகான வயல்வெளியைப் பார்க்க வருகிறவரிடம் இதை யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை.

சட்டம் இப்படி இருந்தும் வெளிநாட்டவர் வீடுகள் எழும்பிக்கொண்டேதான் இருக்கின்றன. எப்படி? மிக மோசமான வழி நமக்கு நன்றாகத் தெரிந்த பினாமி. பணம் வெளிநாட்டவருடையது, சான்றிதழ் ஓர் இந்தோனேசியரின் பெயரில், நடுவே கடன் பத்திரம், அதிகாரப் பத்திரம் என்று ஒரு கட்டுக் காகிதம். பல ஆண்டுகளாகத் தரகர்கள் இதைப் பத்திரமான ஏற்பாடு என்றே சொல்லி விற்றார்கள். பணம் யாருடையதாக இருந்தாலும், சான்றிதழில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2020-இல் உச்ச நீதிமன்றச் சுற்றறிக்கை தெளிவாக்கிவிட்டது. பினாமியாக இருந்தவர் நல்லவராகவே இருக்கலாம். அவர் இறந்துபோனால், விவாகரத்து ஆனால், கடனில் விழுந்தால் என்ன என்பதுதான் கேள்வி.

நேர்வழிகள் இரண்டு மூன்று உண்டு. வெளிநாட்டு முதலீட்டுக் கம்பெனி ஒன்றைப் பதிவுசெய்து, அதன் பெயரில் கட்டட உரிமை வாங்கலாம். 2021 விதிகளின்படி முதலில் 30 ஆண்டு, பிறகு 20, பிறகு 30 என்று அது நீளும். ஆனால் கம்பெனிக்கு 10 பில்லியன் ரூபியாவுக்கு மேற்பட்ட முதலீட்டுத் திட்டம் வேண்டும். ஓய்வுக்காலத்தைக் கழிக்க ஒரு சிறு வீடு தேடுகிறவருக்கு அது எட்டாது. அங்கேயே தங்கி வாழும் அனுமதி பெற்றவர்களுக்குப் பயன்பாட்டு உரிமை என்று ஒன்றும் இருக்கிறது. மற்றவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்வது குத்தகையில்.

இந்தக் குத்தகையை நம் ஊர் ஒத்தியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒத்தியில் காலம் முடிந்தால் கொடுத்த தொகை திரும்பி வரும். இங்கே 25 ஆண்டுப் பணத்தையும் முதலிலேயே மொத்தமாகக் கொடுத்துவிட வேண்டும், கடைசியில் எதுவும் திரும்பாது, கட்டிய கட்டடமும் பெரும்பாலும் நிலத்துக்காரருக்கே போகும். நோட்டரி முன்னால் கையெழுத்தாகும் இந்த ஒப்பந்தம் நில அலுவலகப் பதிவேட்டில் ஓர் உரிமையாக ஏறுவதில்லை. அதனால் அதை வங்கியில் அடமானம் வைக்க முடியாது. ஒரே பாதுகாப்பு சிவில் சட்டத்தின் 1576-ஆம் பிரிவு. நிலம் விற்கப்பட்டாலும் முன்பே செய்த குத்தகை முறியாது என்கிறது அது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் நானாக எடுத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் மாறும். ஐந்து ஆரே நிலம், ஆரேக்கு ஆண்டுக்கு 15 மில்லியன் ரூபியா, 25 ஆண்டு என்றால் நிலத்துக்கு 1,875 மில்லியன். இரண்டு படுக்கையறை, நீச்சல்குளத்தோடு கட்ட 3,000 மில்லியன். மொத்தம் 4,875 மில்லியன். கட்டி முடிக்க ஓர் ஆண்டு போய்விடும், மிச்சம் 24 ஆண்டு. இரவுக்கு 2 மில்லியன் வாடகை, ஆண்டில் 60 சதவீத நாள் ஆள் இருக்கிறார்கள் என்றால் 219 இரவு, 438 மில்லியன். நிர்வாகக் கூலி, முன்பதிவுத் தளங்களின் கழிவு, வேலையாட்கள், வரி, மின்சாரம், ஈரத்தில் ஊதிப்போகும் மரம், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய புல்கூரை எல்லாவற்றுக்கும் பாதி போனால் கையில் 219 மில்லியன். 24 ஆண்டுக்கு 5,256 மில்லியன். போட்ட 4,875 போக, கால் நூற்றாண்டில் மிஞ்சுவது 381 மில்லியன். வாடகை ஏறும் என்பது உண்மை. கூலியும் ஏறும், பக்கத்தில் புதிய வில்லாக்களும் வரும் என்பதும் அதே அளவு உண்மை. விளம்பரங்களில் வரும் 'ஆண்டுக்கு 15 சதவீத வருமானம்' பெரும்பாலும் முதல் குறைந்துகொண்டே போவதைக் கணக்கில் எடுப்பதில்லை. வருமானம் என்று கைக்கு வருவதில் பெரும்பங்கு தன் சொந்தப் பணமே தவணையாகத் திரும்புவதுதான்.

'காலம் முடிந்தால் நீட்டித்துக்கொள்ளலாம்' என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கும். எந்த விலைக்கு? அன்றைய சந்தை விலைக்கு, இரு தரப்பும் பேசி முடிவுசெய்யும் விலைக்கு. விலை எழுதாத நீட்டிப்பு, வாக்குறுதியே தவிர உரிமை அல்ல. அதோடு, 25 ஆண்டு கழித்து எதிரே உட்கார்ந்து பேசப்போவது இன்று கையெழுத்துப் போட்டவராக இருக்க வாய்ப்புக் குறைவு. அவருடைய மகனாக இருக்கலாம், மூன்று மகன்களாகவும் இருக்கலாம்.

அங்கேதான் குடும்பத்தின் பதில் வருகிறது. பாலி இந்துக் குடும்பங்களில் சொத்து தந்தைவழி இறங்கும். நிலத்தோடு சேர்ந்தே குடும்பக் கோயிலின் பராமரிப்பும், முன்னோருக்குச் செய்ய வேண்டிய சடங்குகளும், பெற்றோரின் தகனச் சடங்கும் இறங்குகின்றன. சொத்தை அனுபவிப்பவன் கடனையும் சுமக்க வேண்டும். இரண்டையும் பிரிக்க வழியில்லை. சான்றிதழ் இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருப்பது அங்கே அபூர்வமல்ல. மூத்தவர் சம்மதித்துவிட்டார் என்று தரகர் சொல்லலாம். அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் கையெழுத்திட்டால்தான் அது சம்மதம். கப்பல் வேலைக்குப் போன தம்பி விடுப்பில் வந்து, எனக்குத் தெரியாமல் எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டால் நோட்டரியின் முத்திரை அவனைச் சமாதானப்படுத்தாது.

குடும்பம் அனுபவிக்கும் எல்லா நிலமும் குடும்பத்துடையதும் அல்ல. ஊர் கொடுத்த மனைக்கட்டு என்று உண்டு. அதில் குடியிருக்கும் வீட்டார் கோயிலுக்கும் ஊருக்கும் உடலுழைப்பு தந்தாக வேண்டும். கோயில் நிலம் உண்டு. அதன் விளைச்சலில்தான் திருவிழா நடக்கும். 1986-இல் ஓர் அரசாணை பாலிக் கோயில்களை நில உரிமை பெறத்தக்க அமைப்புகளாக அங்கீகரித்தது. ஆக, கோயில் பெயரில் முழு உரிமைச் சான்றிதழ் இருக்கலாம், ஆஸ்திரேலியர் பெயரில் இருக்க முடியாது. தஞ்சாவூர்ப் பக்கத்து வாசகருக்கு இதில் பெரிய வியப்பு இராது.

ஊரின் பதிலைக் கேட்க, முதலில் அங்கே ஊர் என்பது இரண்டு என்று புரிந்துகொள்ள வேண்டும். அரசின் நிர்வாக ஊர் ஒன்று. அடையாள அட்டை, சான்றிதழ், வரி எல்லாம் அதன் வேலை. மரபு ஊர் இன்னொன்று, 'தேசா அடாட்'. தீவில் ஏறத்தாழ 1,500 மரபு ஊர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 'அவிக்-அவிக்' என்ற தன் சொந்தச் சட்டம், தன் கோயில்கள், தன் மயானம், தன் காவலர்கள். அதற்குள் 'பஞ்சார்' என்ற அக்கம்பக்கச் சபைகள். மரத்தைக் குடைந்து செய்த கூல்கூல் மணி ஒலித்தால் வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். பல பஞ்சார்களில் 35 நாளுக்கு ஒருமுறை கூட்டம், கோயில்களுக்குப் பெரும்பாலும் 210 நாளுக்கு ஒருமுறை ஆண்டுவிழா. திரும்பத் திரும்ப வராதவருக்கு அபராதம், மீறினால் ஊர்விலக்கு. ஊர்விலக்கானவரின் வீட்டில் சாவு விழுந்தால் மயானத்தில் இடம் கேட்டு நிற்க வேண்டிவரலாம் என்ற பயம் சட்டப் புத்தகத்தைவிட வலியது.

2019-ஆம் ஆண்டின் மாகாணச் சட்டம் ஊரில் வாழ்வோரை மூன்று வகையாகப் பிரிக்கிறது: ஊரின் முழு உறுப்பினர், வெளியூரிலிருந்து வந்து தங்கிய பாலி இந்து, மற்றவர்கள். 'தாமியு' எனப்படும் விருந்தினர் என்ற மூன்றாம் வகையில்தான் வில்லாக்காரர் வருவார். அவர் நன்கொடை கொடுப்பார். கூட்டத்தில் வாக்கு இல்லை. இதை அநியாயம் என்று சொல்லும் வெளிநாட்டவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முழு உறுப்பினரின் வாக்குக்குப் பின்னால் வாழ்நாள் முழுதும் தொடரும் உழைப்பு இருக்கிறது. மூங்கில் பிளப்பது, பன்றி அறுப்பது, ஓலை பின்னுவது, யாரோ ஒருவரின் பிணத்தைத் தூக்குவது. பணம் அதற்கு ஈடாகாது என்று ஊர் முடிவு செய்திருக்கிறது.

வாக்கு இல்லாவிட்டாலும் ஊரின் முடிவுகள் வில்லாவுக்குள் வரும். ந்யெபி என்ற மௌன நாளில் விமான நிலையமே 24 மணி நேரம் மூடியிருக்கும். வில்லாவிலும் வெளிச்சம் தெரியக் கூடாது, யாரும் தெருவில் இறங்கக் கூடாது, காவலர்கள் சுற்றுவார்கள். திருவிழா ஊர்வலம் போனால் சாலை மணிக்கணக்கில் அடைபடும். அகலமான பாதை வேண்டுமென்றால் பக்கத்து நிலக்காரர்கள் மனம் வைக்க வேண்டும். கோயில்களைச் சுற்றியும் ஓர் எல்லை இருக்கிறது. 1994-இல் இந்து சமயப் பேரவை வகுத்தபடி, பெசாகி போன்ற பெருங்கோயில்களைச் சுற்றி 5 கிலோமீட்டரும், அடுத்த நிலைக் கோயில்களைச் சுற்றி 2 கிலோமீட்டரும் புனித வட்டம். பிறகு இது மாகாணத் திட்டமிடல் சட்டத்திலும் ஏறியது. அது எவ்வளவு கண்டிப்பாக அமலாகிறது என்பது வேறு கதை. ஆனால் யாராவது ஒருவர் எதிர்க்க நினைத்தால் அந்த வட்டம் உடனே உயிர்பெறும்.

நான்காவது பதில் வாய்க்காலுடையது. வாங்க வருபவர் கண்ணுக்கு இது கடைசியில்தான் தெரியும். என் கணக்கில் இதுதான் முதலாவது. பாலியின் வயல்களுக்கு நீர் விடுவது அரசுப் பொறியாளர் அல்ல, 'சுபாக்' என்ற நீர்ச்சங்கம். ஒரே வாய்க்காலில் பாயும் வயல்காரர்கள் எல்லோரும் அதில் உறுப்பினர்கள், அவர்களுக்கு 'பெக்காசே' என்ற தலைவர். மலையில் சுரங்கம் வெட்டி, அணை கட்டி, வாய்க்காலின் குறுக்கே வெட்டுப்போட்ட மரத்தை வைத்து, வெட்டின் அகலத்தால் ஒவ்வொருவர் பங்கையும் அளக்கிறார்கள். மேலே தண்ணீர்க் கோயில்கள், உச்சியில் பத்தூர் ஏரியின் கோயில். யார் எப்போது நடுவது, எப்போது வயலைத் தரிசாக விடுவது என்பது இந்தக் கோயில்களின் நாட்காட்டியில் முடிவாகும்.

இது பக்தி மட்டும் என்று 1970-களில் பசுமைப் புரட்சி அதிகாரிகள் நினைத்தார்கள். முடிந்தபோதெல்லாம் நடுங்கள் என்று புதிய விதையும் உரமும் கொடுத்தார்கள். தண்ணீர் முறை குலைந்தது, தத்துப்பூச்சியும் துங்ரோ நோயும் பெருகின. அங்கே ஆய்வு செய்த மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், உயிரியலாளர் ஜேம்ஸ் கிரெமரோடு சேர்ந்து கணினியில் போட்டுப் பார்த்துக் காரணத்தை விளக்கினார். பரந்த பரப்பு ஒரே காலத்தில் தரிசாகக் கிடந்தால் பூச்சி உண்ண எதுவுமில்லாமல் செத்துப்போகும். ஆனால் எல்லோரும் ஒரே நாளில் நட்டால் தண்ணீர் போதாது. இந்த இரண்டுக்கும் நடுவில் சரியான பரப்பளவைக் கண்டுபிடிப்பதுதான் கோயில் நாட்காட்டியின் வேலை. 2012-இல் யுனெஸ்கோ ஏறத்தாழ 19,500 ஹெக்டேரை உலகப் பாரம்பரியமாக அறிவித்தபோது வயலின் அழகை மட்டும் அல்ல, இந்த ஏற்பாட்டையும் சேர்த்தே அறிவித்தது.

இப்போது அந்த வரிசையில், மேல்மடையில் ஐந்து ஆரே வயலில் ஒரு வில்லா வருகிறது என்று வையுங்கள். வாய்க்காலின் ஓரம் மண் கொட்டி மேடாகிறது. கட்டுமானக் கழிவு மடையை அடைக்கிறது. ஒத்த காலத்தில் தரிசு விடும் பரப்பில் ஒரு துளை விழுகிறது. கீழ்மடைக்காரர் இரண்டு போகம் தண்ணீருக்கு அலைந்து பார்க்கிறார். பக்கத்தில் வில்லா வந்ததால் அவருடைய நிலத்தின் அரசு மதிப்பு ஏறி, அதோடு நிலவரியும் ஏறுகிறது. மூன்றாம் ஆண்டு அவரும் பலகை நடுகிறார். விவசாய நிலத்தைக் காக்க 2009-இல் ஒரு சட்டம் வந்தது, திட்ட வரைபடத்தில் பச்சை வண்ணமும் பூசியிருக்கிறது. தண்ணீர் வராத வயலுக்கு வரைபடத்தின் பச்சை எத்தனை நாள் தாங்கும்? எந்த வயலை நம்பி வில்லா கட்டப்பட்டதோ அதுவும் இப்படித்தான் போகிறது. எதிரே தெரியும் பசுமை ஒப்பந்தத்தில் இல்லை. அது இன்னொருவரின் நிலம். அவர் அதை எப்போது வேண்டுமானாலும் குத்தகைக்கு விடலாம், எதிரே ஒரு சுவர் எழும்பலாம்.

இதில் உழவரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஒரு குடும்பத்துக்கு அரை ஹெக்டேர்கூட இல்லாத இடம் இது. நெல்லில் கிடைப்பதையும் 25 ஆண்டுக் குத்தகையில் ஒரே நாளில் கைக்கு வருவதையும் ஒப்பிட்டால் யார் கைதான் நீளாது? அந்தப் பணத்தில் பிள்ளைகள் படிப்பார்கள், தள்ளிப்போட்ட தகனச் சடங்கு நடக்கும், மேற்கே ஜெம்ப்ரானாவில் இதைவிடப் பெரிய நிலம் மலிவாகக் கிடைக்கும். சிலர் வண்டியும் வீடுமாகச் செலவழித்துவிட்டு, தம் நிலத்தில் எழுந்த வில்லாவிலேயே தோட்டக்காரராகச் சேர்கிறார்கள். அதுவும் நடக்கிறது.

உழவர்களின் மனக்குறை வெளிப்படையாகத் தெரிந்தது ஜாத்திலுவியில். யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ஊர் அது; படிக்கட்டு வயல்களைப் பார்க்க வெளிநாட்டவர் நுழைவுச்சீட்டு வாங்கி வருகிறார்கள். 2025 டிசம்பரில், பாதுகாக்கப்பட்ட வயல்பகுதிக்குள் விதிமீறிக் கட்டப்பட்டவை என்று சொல்லி உணவகம் முதலான சில கட்டடங்களை அதிகாரிகள் அடைத்தார்கள். கட்டியவர்களில் உள்ளூர்க்காரர்களே இருந்தார்கள். அவர்கள் வயல் நடுவில் தகரத் தகடுகளை நட்டு எதிர்ப்புக் காட்டினார்கள். வெயிலில் தகரம் பளபளத்து, சுற்றுலாப் படங்களின் அழகு கெட்டது, அதுதான் நோக்கம். உழைப்பு எங்களுடையது, காட்சி எல்லோருடையதா என்ற அவர்கள் கேள்விக்கு யாரிடமும் நல்ல பதில் இல்லை. விதி மீறியதும் உண்மை. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் சொல்பவரை நான் நம்புவதில்லை.

இத்தனைக்குப் பிறகும் அங்கே வாழ ஆசைப்படுகிறவருக்கு என்ன சொல்வது? வெறும் வயலைக் குத்தகைக்கு எடுத்துக் கட்டாதீர்கள் என்பேன். ஊருக்குள் ஏற்கெனவே கட்டிய வீடு, அல்லது ஒரு குடும்ப வளாகத்தின் பின்கட்டு, ஐந்து ஆண்டுக்குள் முடியும் வாடகைக்குக் கிடைக்கும். கூரை ஒழுகினால் பார்க்க வேண்டியது வீட்டுக்காரர். காலையில் வாசலில் வைக்கும் படையலும் அவர்களுடையது. விழாவுக்கு அழைத்தால் போகலாம், நன்கொடை கேட்டால் கொடுக்கலாம், சேவல் கூவுவதும் குப்பை எரியும் புகையும் ஒத்துவராவிட்டால் வருடக் கடைசியில் கிளம்பிவிடலாம். சேமிப்பு பெருக வேண்டும் என்றால் அதை வைக்க வேறு இடங்கள் இருக்கின்றன. கட்டியே தீர வேண்டும் என்பவர் நோட்டரியிடம் போவதற்கு முன்னால் பெக்காசேயைப் பார்க்கட்டும். அந்த வயலுக்கு எந்த மடையில் தண்ணீர் வருகிறது, அது அடைபட்டால் கீழே யாருக்குப் போகாது என்று அவர் நிலத்திலேயே கோடு போட்டுக் காட்டுவார். அந்தக் கோடு வீட்டு வரைபடத்தின் குறுக்கே போனால், வேறு நிலம் பார்ப்பது நல்லது.